மெழுகா, செராமிக் பூச்சா? ஒரு துளித் தண்ணீர் சொல்லும் விடை

இரவில் மழை பெய்து காலையில் வெயில் அடிக்கும் நாளில், உங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஆங் மோ கியோவில் இத்தகைய நிறுத்துமிடங்கள் பல உண்டு. கீழ்த்தளங்களில் நிற்கும் கார்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கூரையில்லாத மேல்தளத்தில் நிற்கும் கார்களில், அதிலும் கறுப்புக் கார்களில், சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்ததுபோல் வெள்ளை வட்டங்கள் படிந்திருக்கும். அவைதான் நீர்க்கறைகள்.

சென்ற ஆண்டு, உயர்நிலை இரண்டில் படித்த மாணவி ஒருவர் பாடம் முடிந்ததும் என்னிடம் வந்தார். அவருடைய அப்பா தனியார் வாடகைக் கார் ஓட்டுநர். சொந்தக் கார், கறுப்பு நிறம். அவர் நள்ளிரவுக்குப் பிறகுதான் வீடு திரும்புவார். அதற்குள் கீழ்த்தளங்கள் நிரம்பிவிடும். காரை மேல்தளத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போவார். அவர் எழுவதற்குள் இரவு மழையின் துளிகள் வெயிலில் காய்ந்துவிடும்.

“சார், செராமிக் பூச்சு போட்டால் நீர்க்கறையே வராதாம். 900 வெள்ளி ஆகுமாம். போடலாமா வேண்டாமா என்று அப்பா யோசிக்கிறார். அறிவியல் என்ன சொல்கிறது?” என்று கேட்டார்.

அந்த 900 வெள்ளி, ஆண்டிறுதி விடுமுறையில் ஈப்போவில் இருக்கும் பாட்டியைப் பார்க்கக் குடும்பத்தோடு போவதற்காகச் சேர்த்த பணம் என்று பிறகு தெரிந்தது. அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “முதலில் அந்தக் கறை என்னவென்று கண்டுபிடிப்போம். அதன் பிறகு பூச்சைப் பற்றிப் பேசலாம்” என்றேன். வாருங்கள், அந்த ஆய்வில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

தண்ணீர் போய்விடும், அதில் இருந்தது போகாது

தூய நீர் ஆவியானால் எதுவும் மிஞ்சாது. ஆனால் நாம் புழங்கும் எந்தத் தண்ணீரும் முற்றிலும் தூயதன்று. குழாய்நீரில் கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் உப்புகளும் சிறிது சிலிக்காவும் கரைந்திருக்கின்றன. இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. குடிப்பவருக்கு இவற்றால் கெடுதலும் இல்லை.

நீர் ஆவியாகும்போது இவை பின்தங்கிவிடுகின்றன. கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், கரியமில வாயுவையும் நீரையும் இழந்து கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சுண்ணாம்புக்கல்லும் முட்டை ஓடும் பெரும்பாலும் இந்தப் பொருளால் ஆனவைதான். ஆகவே, கார்மீது தெரியும் வெள்ளை வட்டம் ஒரு மெல்லிய சுண்ணாம்புப் படிவம்.

“மழைநீரில்தான் உப்பு மிகக் குறைவாயிற்றே, அது எப்படிக் கறையாகும்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, கார்மீது ஏற்கெனவே தூசி இருக்கிறது. சிமெண்டுத் தூசியில் கால்சியம் சேர்மங்கள் அதிகம். மழைத்துளி அந்தத் தூசியைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது.

இரண்டு, மழைநீர் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் மட்டுமே அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5.6க்கு இறங்கிவிடும். வாகனங்கள், கப்பல்கள், மின்நிலையங்கள், ஆலைகள் ஆகியவை வெளியிடும் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் கரையும்போது நகரங்களில் பெய்யும் மழையின் பிஎச் இன்னும் குறையும். துளி காயக் காய, அதிலுள்ள அமிலத்தின் செறிவு கூடிக்கொண்டே போகும். கடைசி நிமிடங்களில் இருக்கும் துளி, விழுந்தபோது இருந்த துளியைவிடப் பல மடங்கு கடுமையானது.

சிங்கப்பூரில் 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி ஆண்டுக்கு 171 நாள்கள் மழை பெய்கிறது. கிட்டத்தட்ட இரண்டு நாளுக்கு ஒரு முறை! மழைக்குப் பின் சுள்ளென்று வெயில் அடிப்பதும் நமக்குப் பழக்கம். நீர்க்கறை உருவாக இதைவிடத் தோதான ஊர் வேண்டியதில்லை.

ஏன் வட்டமாக இருக்கிறது?

கறை, துளியின் அடிப்பரப்பு முழுவதும் சமமாகப் படியாமல் ஓரத்தில் மட்டும் தடித்திருப்பதைக் கவனியுங்கள். மேசையில் சிந்திய காப்பித் துளி காய்ந்தாலும் இப்படித்தான் இருக்கும். நடுவில் வெளிறிய நிறம், ஓரத்தில் கரும்பழுப்பு வளையம்.

இதற்கான விளக்கத்தை 1997ஆம் ஆண்டில் ராபர்ட் டீகனும் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவருடைய குழுவினரும் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்டனர். துளியின் விளிம்பு, பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் சிக்கி அசையாமல் நிற்கிறது. விளிம்பில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும் நீர், தன்னிலுள்ள துகள்களையும் இழுத்துச் செல்கிறது. துளி காய்ந்து முடியும்போது சரக்கெல்லாம் ஓரத்தில் குவிந்திருக்கும். அதனால்தான் வளையம்.

மேலே படிந்ததா, உள்ளே அரித்ததா?

எல்லா நீர்க்கறைகளும் ஒன்றல்ல. முதல் நிலையில் உப்பு, வண்ணத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். கழுவினாலே போய்விடும். இரண்டாம் நிலையில் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். நீர் கலந்த வெள்ளை வினிகர் போன்ற மென்மையான அமிலம் தேவைப்படும். கால்சியம் கார்பனேட்டும் வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலமும் சேர்ந்தால், நீரில் கரையும் கால்சியம் அசெட்டேட்டும் கரியமில வாயுவும் உண்டாகும். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்துபார்த்த அமிலம் - கார்பனேட் வினைதான் இது.

மூன்றாம் நிலைதான் சிக்கல். செறிவேறிய துளியும் வெயிலின் சூடும் சேர்ந்து வண்ணத்தையே அரித்து, நுண்ணிய குழியை உண்டாக்கிவிடும். அப்போது துடைப்பதற்கு மேலே எதுவும் இருக்காது, ஏனென்றால் கறை என்று நாம் பார்ப்பது ஒரு பள்ளம்.

காரின் நிறத்திற்கு மேல் ஒளி ஊடுருவும் மேற்பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர். முடியைவிட மெல்லிய அந்தப் படலம்தான் காரின் பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பு. பள்ளத்தை மறைக்க வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள மேற்பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் படலம் சற்றுக் குறையும். ஆண்டுதோறும் தேய்த்துக்கொண்டே இருக்க முடியாது.

கார் நிறுவனங்களும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. வெயிலும் ஈரமும் அமிலமும் சேர்ந்து வாட்டும் ஊர் என்பதால், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஜாக்சன்வில் நகரம் வண்ணப்பூச்சுகளின் அமில அரிப்பைச் சோதிக்கும் இடமாகப் பெயர்பெற்றது. வண்ணம் பூசிய தகடுகளைக் கோடைக்காலத்தில் திறந்தவெளியில் வைத்து, அரிப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திக்கொள்வோம். “துளி உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து வண்ணத்தைச் சுட்டுவிடுகிறது” என்று பலர் சொல்வதுண்டு. செடிகளின் இலைகளைப் பற்றியும் இதே நம்பிக்கை இருந்தது. ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வழவழப்பான இலையில் உட்கார்ந்திருக்கும் துளியால் வெயிலை இலைமீது குவித்துச் சுட முடியவில்லை. துளி தட்டையாக இருப்பதால் ஒளி குவியும் இடம் இலைக்குக் கீழே போய்விடுகிறது. வழவழப்பான கார்ப்பரப்பில் உட்கார்ந்திருக்கும் துளியின் வடிவமும் ஏறக்குறைய அதேதான். ஆக, குற்றவாளி ஒளியல்ல, வேதியியல்.

கடையில் இருக்கும் மூன்று வகை

இனிப் பூச்சுகளுக்கு வருவோம். ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் கார்ப் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. அங்கே விசாரித்தால் பெரும்பாலும் மூன்று வகைப் பூச்சுகளைச் சொல்வார்கள்.

முதலாவது மெழுகு. கார் மெழுகுகளில் புகழ்பெற்றது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து இது கிடைக்கிறது. வறண்ட பருவத்தில் நீர் இழப்பைக் குறைக்க அந்த மரம் ஓலைமீது மெழுகைச் சுரக்கிறது. இது உருகும் வெப்பநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். தேன்மெழுகு 62 - 64 டிகிரியிலேயே உருகிவிடும். வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால், தேன்மெழுகை மட்டும் பூசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கார்னாபா விலை மலிவு, நாமே பூசலாம். ஆனால் வண்ணத்தோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. மழையும் சோப்பும் வெயிலும் சில வாரங்களில் அதைக் கரைத்துவிடும்.

இரண்டாவது, சீலன்ட் எனப்படும் செயற்கைப் பாலிமர் பூச்சு. இது மெழுகைவிட உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். சில மாதங்கள் தாங்கும். தெளித்துத் துடைக்கும் வகைகளும் கிடைக்கின்றன.

மூன்றாவது, செராமிக் பூச்சு. பெயர் பீங்கானை நினைவூட்டினாலும் இதைச் சூளையில் சுடுவதில்லை. சிலிக்கான் அடங்கிய திரவம் ஒன்றைப் பூசுவார்கள். அது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, சிலிக்கானும் ஆக்சிஜனும் பின்னிய வலைபோல் இறுகி, மேற்பூச்சைப் பற்றிக்கொள்கிறது. தடிமன் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அளவே. ஓராண்டு முதல் சில ஆண்டுகள் வரை நிலைக்கும். பூசுவதற்கு முன் வண்ணத்தை நன்கு சுத்தம்செய்து மெருகேற்ற வேண்டும். கட்டணத்தில் பெரும் பகுதி அந்த வேலைக்குத்தான் போகிறது.

‘9எச் கடினம்’ என்றால் வைரமா?

செராமிக் பூச்சு விளம்பரங்களில் ‘9எச்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்திற்கு 10. ஆகவே, 9 என்றால் வைரத்திற்கு அடுத்தபடி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இந்த 9எச், பென்சிலின் அளவு. நீங்கள் தேர்வில் பயன்படுத்தும் பென்சில் 2பி. அதன் மறுமுனையில் உள்ள மிகக் கடினமான பென்சில்களில் ஒன்று 9எச். குறிப்பிட்ட விசையோடு அந்தப் பென்சிலால் கீறினாலும் பூச்சில் கோடு விழவில்லை என்பதே அதன் பொருள். பென்சில் முனை, கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. மணலிலுள்ள குவார்ட்சின் மோஸ் அளவு 7. அது எந்தப் பென்சில் முனையையும் கீறிவிடும். மேலும், கடினம் என்பது கீறலைப் பற்றிய பண்பு. நீர்க்கறைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

முத்துமுத்தாக நிற்பது நல்லதா?

மூன்று வகைப் பூச்சுகளும் நீரை ஒட்டவிடாமல் செய்பவை. தாமரை இலைத் தண்ணீர்போல் என்று சொல்கிறோமே, அந்தப் பண்புதான். இதை அளக்க ஒரு கோணம் இருக்கிறது. துளியின் விளிம்பு, பரப்போடு செய்யும் கோணத்தைத் தொடுகோணம் என்கிறோம். ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் 1805ஆம் ஆண்டில் விளக்கிய கருத்து இது. கோணம் 90 டிகிரிக்குக் குறைந்தால் துளி பரவும். கூடினால் உருண்டு நிற்கும். மெழுகு பூசிய பரப்பில் இது 100 டிகிரிக்குச் சற்று மேல். தாமரை இலையிலோ 150 டிகிரிக்கும் மேல். இலையிலுள்ள மெழுகும், அதன் நுண்ணிய புடைப்புகளும் சேர்ந்து செய்யும் வேலை அது.

துளி முத்துப்போல் நின்றால் கார் பாதுகாப்பாக இருக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 மைக்ரோலிட்டர் அளவுள்ள ஒரு துளியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடுகோணம் 60 டிகிரியாக உள்ள பழைய வண்ணத்தில் அது சுமார் 5.4 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவும். 105 டிகிரி கோணமுள்ள மெழுகின்மேல் சுமார் 3.7 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். துளியைக் கோளத்தின் ஒரு பகுதியாகக் கருதிக் கணக்கிட்ட அளவுகள் இவை. கணிதத்தில் ஆர்வமுள்ளவர்கள் சரிபார்க்கலாம். அடிப்பரப்பு 23 சதுர மில்லிமீட்டரிலிருந்து 11 சதுர மில்லிமீட்டருக்குக் குறைகிறது. ஆனால் துளியில் கரைந்திருக்கும் உப்பின் அளவு மாறவில்லை. அதே உப்பு, பாதிக்கும் குறைவான இடத்தில் படிகிறது. அப்படியானால், துளி அங்கேயே நின்று காய்ந்தால் கறை சிறியதாகவும் தடிப்பாகவும் இருக்கும்!

ஆகவே, உருண்டு நிற்பது போதாது, துளி வழுக்கி ஓடவும் வேண்டும். காரின் கதவு செங்குத்தானது, அங்கே ஓடிவிடும். கூரையும் முன்மூடியும் ஏறக்குறைய தட்டையானவை. நிறுத்தி வைத்த காரில், சிறு துளிகளை இழுக்கப் புவியீர்ப்பு விசை போதாது. அவை நின்ற இடத்திலேயே காயும். காரை ஓட்டும்போது காற்று தள்ளிவிடும். அப்பா தூங்கும்போது கார் ஓடாதே!

நாங்கள் செய்த சோதனை

அந்த மாணவியும் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரின் பின்மூடியை நன்றாகக் கழுவினார்கள். ஒட்டுநாடாவால் அதை மூன்று பாகங்களாகப் பிரித்தார்கள். ஒன்றில் எதுவும் பூசவில்லை, ஒன்றில் மெழுகு, ஒன்றில் சீலன்ட். பூசியதும் ஒட்டுநாடாவை எடுத்துவிட்டு, எல்லைகளைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டார்கள். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சால் ஒவ்வொரு பாகத்திலும் ஒரே அளவில் பத்துத் துளிக் குழாய்நீர் வைத்து, வெயிலில் காயவிட்டார்கள்.

எதுவும் பூசாத பாகத்தில் அகலமான, மங்கலான தடங்கள். மெழுகும் சீலன்டும் பூசிய பாகங்களில் சிறிய, விளிம்பு தெளிவான வெள்ளை வளையங்கள். பார்த்தவுடன் அப்பாவுக்கு ஏமாற்றம். பூச்சு போட்ட இடம்தான் கண்ணுக்கு மோசமாகத் தெரிந்தது.

பிறகு ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தார்கள். பூச்சு இருந்த இரு பாகங்களிலும் ஓரிரு துடைப்பில் வளையங்கள் மறைந்தன. பூச்சு இல்லாத பாகத்தில் சில தடங்கள் போகவே இல்லை. நீர் கலந்த வினிகர் தேவைப்பட்டது.

இந்தச் சோதனை ஒரே காரில், ஒரே நாளில் செய்யப்பட்டது. இதை உலகத்துக்கே தீர்ப்பாகச் சொல்ல முடியாது. செராமிக் பூச்சும் இதில் இல்லை. அதனால் மாணவி பூச்சுக் கடைக்கே அப்பாவோடு போனார். அங்கே காட்சிக்கு வைத்திருந்த முன்மூடியில் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்கள். நீர் முத்துமுத்தாக உருண்டு ஓடியது, அழகாகத்தான் இருந்தது. “இரண்டு துளியை அப்படியே காயவிட்டுப் பார்க்கலாமா?” என்று மாணவி கேட்டாராம். கடைக்காரர் சிரித்துவிட்டு, “காய்ந்தால் தடம் வரத்தான் செய்யும். ஆனால் சுலபமாகப் போய்விடும்” என்று ஒப்புக்கொண்டாராம்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரக் காணொளிகள் தண்ணீர் ஓடுவதைக் காட்டும், அது காய்வதைக் காட்டுவதில்லை. ஒரு பொருளைப் பற்றிக் கேட்கும்போது, காட்டப்படாத பாதியைக் கேட்பதே அறிவியல் பழக்கம்.

நம் வட்டாரத்திலேயே இருக்கும் நிபுணர்கள்

நீர்க்கறையை எதிர்த்துப் போராடுவதையே அன்றாட வேலையாகக் கொண்டவர்கள் ஆங் மோ கியோவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கார் கழுவுவதில்லை, சில்லு செய்கிறார்கள். எஸ்டி மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் சிலிக்கான் வில்லை ஆலை இங்கேதான் உள்ளது. அந்நிறுவனம் 1969 முதல் சிங்கப்பூரில் செயல்படுகிறது. இங்கே 1984ஆம் ஆண்டில் வில்லை உற்பத்தி தொடங்கியது.

சில்லு செய்யும்போது சிலிக்கான் வில்லையைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். ஒரே ஒரு துளி காய்ந்து தடம் விட்டாலும் அந்த இடத்திலுள்ள சில்லு வீணாகலாம். எனவே, இத்துறையில் முதலில் நீரைத் தூய்மையாக்குகிறார்கள். 2003ஆம் ஆண்டில் அறிமுகமான நம் புதுநீர், சவ்வூடு வடிகட்டலால் உப்புகள் பெருமளவு நீக்கப்பட்ட நீர். சிங்கப்பூரின் பகுதி மின்கடத்தி ஆலைகள் அதைப் பயன்படுத்துகின்றன. அதையும் மேலும் சுத்திகரித்தே வில்லையைக் கழுவுவார்கள்.

சுவையான செய்தி என்னவென்றால், அவ்வளவு தூய நீரும் போதவில்லை. துளி நின்று காய்ந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனின் உதவியோடு வில்லையின் சிலிக்கானே சிறிதளவு கரைந்து தடமாகப் படியும். ஆகவே, எந்தத் துளியும் வில்லையின்மேல் நின்று காய இடம் கொடுப்பதில்லை. இதற்கு ஒரு முறையை நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூட அறிஞர்கள் 1990ஆம் ஆண்டில் விவரித்தனர். வில்லையை நீரிலிருந்து மெல்ல உயர்த்தும்போது, நீர்மட்டத்தை ஒட்டி ஆல்கஹால் ஆவியைச் செலுத்துவார்கள். ஆல்கஹால் படும் இடத்தில் பரப்பு இழுவிசை குறையும். இழுவிசை கூடிய பக்கம் நீரை இழுத்துக்கொள்ளும். வில்லை உலர்ந்தபடியே வெளியே வரும். ஒரு தட்டு நீரில் மிளகுத்தூளைத் தூவி, நடுவில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டால் தூள் ஓரத்துக்கு ஓடுமே, அதே தத்துவம்தான்.

நீரிலுள்ள உப்பைக் குறை, துளியை நின்று காயவிடாதே. சில்லு ஆலை நமக்குச் சொல்லித்தரும் பாடம் இவ்விரண்டே.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

எந்தப் பூச்சும் நீர்க்கறையைத் தடுப்பதில்லை. கறை வண்ணத்தை எட்டாமல் இடையில் நிற்பதும், துடைப்பதைச் சுலபமாக்குவதும்தான் பூச்சின் வேலை. அதாவது, பூச்சு நமக்குக் கால அவகாசம் வாங்கித் தருகிறது. எவ்வளவு அவகாசம் வேண்டும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

கார் எப்போதும் கீழ்த்தளத்தில் நிழலில் நிற்கிறதா? கழுவியதும் துடைக்கும் பழக்கம் உள்ளதா? சாதாரண மெழுகே போதும். சில வாரங்களுக்கு ஒரு முறை பூசிக்கொள்ளலாம்.

வெட்டவெளியில் நிற்கிறது, ஆனால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அரைமணி நேரம் செலவிட முடியும் என்றால் சீலன்ட் பொருத்தமானது.

கார் புதியது, பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறோம், அடிக்கடி பூசிக்கொண்டிருக்க நேரமில்லை, பணமும் நெருக்கடியில்லை என்றால் செராமிக் பூச்சில் நியாயம் உண்டு. பழைய காராக இருந்தால், வாகன உரிமைச் சான்றிதழின் பத்தாண்டுக் காலத்தில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பூச்சின் ஆயுள் காரின் ஆயுளைவிட நீளமாக இருந்து என்ன பயன்?

எதைப் பூசினாலும் சில விதிகள் மாறாது. வெயிலில் சுடும் காரைக் கழுவக் கூடாது. கழுவியதும் மென்மையான துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த தூசியோடு துடைத்தால் கீறல் விழும், முதலில் நீர் ஊற்ற வேண்டும். வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, நிழலில், சிறிது நேரமே பயன்படுத்திக் கழுவிவிட வேண்டும். அது மெழுகையும் கழற்றிவிடும் என்பதால் பிறகு மறுபடி பூச வேண்டியிருக்கும்.

வீட்டில் நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பழைய கண்ணாடித் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். இரு பாதிகளிலும் குழாய்நீர், மழைநீர், காய்ச்சிவடித்த நீர் ஆகியவற்றில் ஒவ்வொரு துளி வையுங்கள். வீட்டுக்குள் வெயில் படும் மேசையில் காயவிடுங்கள். சன்னல் விளிம்பிலோ நடைபாதைச் சுவரிலோ தட்டை வைக்காதீர்கள், கீழே விழுந்தால் ஆபத்து. மழைநீர் பிடித்த பாத்திரத்தை உடனே கவிழ்த்துவிடுங்கள், டெங்கிக் கொசுவுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

எந்த நீரின் தடம் அதிகம் தெரிகிறது? எந்தப் பாதியில் வளையம் சிறியது? எது சுலபமாகத் துடைபடுகிறது? முடிவுகளை அட்டவணையாக எழுதுங்கள். ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்தால்தான் சோதனை நியாயமானது என்பதை மறக்காதீர்கள்.

அந்தக் குடும்பம் என்ன முடிவெடுத்தது என்று கேட்கிறீர்களா? ஒரு போத்தல் சீலன்ட், மூன்று மைக்ரோஃபைபர் துணிகள். அவ்வளவுதான் வாங்கினார்கள். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. மழை பெய்த இரவுகளுக்கு அடுத்த காலை, பள்ளிக்குக் கிளம்பும் வழியில் மாணவி மேல்தளத்துக்கு ஏறி, சூரியன் வருவதற்குள் காரின் கூரையிலும் முன்மூடியிலும் உள்ள ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுகிறார். பத்து நிமிட வேலை. அப்பா தூங்கி எழுந்து வரும்போது கார் சுத்தமாக இருக்கும்.

டிசம்பரில் அவர்கள் பேருந்தில் ஈப்போவுக்குப் போய்வந்தார்கள். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த ஊர் அது. பாட்டி வீட்டுக் கிணற்றுநீரை ஒரு சிறு போத்தலில் கொண்டுவந்து, ஆங் மோ கியோ குழாய்நீருக்குப் பக்கத்தில் ஒரு துளி வைத்துக் காயவிட்டார் மாணவி. எந்த வளையம் தடிப்பாக இருந்திருக்கும், ஏன் என்று இப்போது உங்களுக்கே சொல்லத் தெரியும்.